ஜாக்கி போடத் தெரிந்த மாப்பிள்ளை

“கார் கம்பெனி மாப்பிள்ளையைக் கூடவே வெச்சிகினு பஞ்சர் கடைக்காரனுக்குப் போன் போடறதா? நல்லா இருக்குதே நியாயம்” என்று சொல்லி, பெண்ணின் அப்பா ஜம்புலிங்கம் போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

மாப்பிள்ளை கதிரவன் வேறு வழியில்லாமல் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டான்.

திருத்தணி மலைமேல், கார் நிறுத்தும் இடத்தில், ஜம்புலிங்கத்தின் வெள்ளைக் கார் இடது பின்சக்கரத்தில் பொட்டுக் காற்று இல்லாமல் சப்பையாக உட்கார்ந்திருந்தது. பெண் பார்க்கும் படலம் முடிந்து, எல்லோரும் கீழே இறங்கிச் சாப்பிடப் போக வேண்டிய நேரம்.

பொதட்டூர்பேட்டையில் லுங்கித் தறி ஓட்டும் ஜம்புலிங்கம், பெண்ணை வீட்டில் வைத்துக் காட்டுவதில்லை. வீட்டில் வைத்தால் தெருவே எட்டிப் பார்க்கும். மலையில் வைத்தால், பிடிக்காவிட்டாலும் சாமி கும்பிட்ட கணக்காவது மிஞ்சும் என்பது அவர் கட்சி.

கதிரவனுக்கோ பிடித்துப் போய்விட்டது, அதுதான் வம்பு. முப்பத்து மூன்று வயதில் ஆறு பெண் வீட்டார் அவனை வேண்டாம் என்றிருந்தார்கள். ஏழாவதாக வந்த புவனா தலை குனியவே இல்லை. மண்டபத்தில் அவனை நேராகப் பார்த்து, “டீ குடிப்பீங்களா, காபியா?” என்று கேட்டாள்.

“நீங்க எது குடிக்கிறீங்களோ அது” என்று இவன் உளறினான்.

“நான் ரெண்டும் குடிக்கிறதில்ல” என்றாள் அவள். அந்த நிமிஷமே கதிரவன் இந்த ஜென்மத்தில் டீயும் வேண்டாம், காபியும் வேண்டாம், இவள் போதும் என்று முடிவு கட்டிவிட்டான்.

“எங்க புள்ள கை படாத காரே இல்லீங்க” என்று அவன் அம்மா வள்ளிநாயகி காலையிலிருந்து அளந்துகொண்டிருந்தாள்.

அதில் பொய் இல்லை. ஒரகடம் பக்கத்துக் கம்பெனியில் ஒன்பது வருஷமாக ஒவ்வொரு கார் மேலும் அவன் கை படத்தான் செய்தது. டிக்கி மூடியின் உள்பக்கம் ஒரு மஞ்சள் ஸ்டிக்கர் இருக்குமே, ஜாக்கி போடுவது எப்படி என்று ஆறு படம் போட்டு, அதை ஒட்டுவதுதான் அவன் வேலை. ஒரு குமிழி விழாமல், ஒரு நூல் சாயாமல் ஒட்டுவான். அதில் அவனை அடித்துக்கொள்ள ஆளில்லை. ஆனால் அந்தப் படங்களில் என்ன இருக்கிறது என்று ஒருநாளும் பார்த்தவனில்லை. சாய்கிறதா என்று பார்க்கிறவனுக்கு அதில் என்ன போட்டிருந்தால் என்ன?

இன்றைக்குப் பார்க்கலாம் என்று டிக்கியைத் திறந்தான். ஸ்டிக்கர் இருந்தது. அதன்மேல் ஜம்புலிங்கம் பக்தியோடு ஒரு பெரிய வேல் ஸ்டிக்கர் ஒட்டியிருந்தார். முதல் படமும் கடைசிப் படமும் மட்டும் வெளியே தெரிந்தன. முதல் படத்தில் ஒருவன் ஜாக்கியை எடுக்கிறான். கடைசிப் படத்தில் கட்டைவிரலை உயர்த்திச் சிரிக்கிறான். நடுவில் முருகன்தான் துணை.

கதிரவன் ஜாக்கியை எடுத்து, வண்டிக்கடியில் கண்ணுக்குத் தட்டுப்பட்ட இடத்தில் வைத்து, கம்பியை மாட்டிச் சுற்றினான். வண்டி மெல்ல மேலே எழும்பியது.

“பாத்தியா, தொழில் தெரிஞ்ச கை” என்றார் ஜம்புலிங்கம்.

கதிரவனுக்கே கொஞ்சம் நெஞ்சு நிமிர்ந்தது. ஸ்பேனரை நட்டில் மாட்டித் திருகினான். நட்டு அசையவில்லை. சக்கரம் முழுசாகச் சுற்றியது. மறுபடி திருகினான். மறுபடி சுற்றியது.

“இன்னாங்க, ராட்டினமாட்டம் சுத்துது?” என்றாள் பெண்ணின் அம்மா நிர்மலா.

“யாராச்சும் டயரைக் கொஞ்சம் புடிச்சிக்கணும்” என்றான் கதிரவன்.

ஆந்திரப் பக்கம் நகரியிலிருந்து வந்திருந்த பெண்ணின் தாய்மாமன் தேசப்பன் வெள்ளை வேட்டியை மடித்துக் கட்டி, சக்கரத்தை இரண்டு கையாலும் கட்டிப்பிடித்தார். கதிரவன் முழு பலத்தோடு திருகினான். தேசப்பனும் சக்கரமும் சேர்ந்து கால்வாசி சுற்றினார்கள். அவர் சட்டையில் டயரின் கோடு கோடான அச்சு அப்படியே விழுந்தது.

“பாவா, இது ஆவறதில்ல” என்று மச்சான் முறையான ஜம்புலிங்கத்தைப் பார்த்து மூச்சு வாங்கினார் தேசப்பன்.

“கியர்ல நிக்குதா வண்டி?” என்று கேட்டான் கதிரவன்.

“ஆங், எப்பவும் கியர்லதான் போட்டுட்டு எறங்குவேன். ஹேண்ட் பிரேக்கெல்லாம் போட்டா தேஞ்சிடும்.”

“அதான் சங்கதி. கியர்ல இருக்கறதாலதான் டயர் சுத்துது.”

எந்த ஊர்க் கணக்கோ அது. கதவைத் திறந்து உள்ளே கைவிட்டு, கியரை நியூட்ரலுக்குத் தள்ளிவிட்டு, கையைத் தட்டிக்கொண்டே வந்தான். அந்த இடம் பார்ப்பதற்குச் சமமாகத்தான் தெரியும். ஒரு எலுமிச்சம்பழத்தை வைத்துப் பார்த்தால்தான் உருளும். வண்டி மெதுவாக முன்பக்கம் நகர, ஜாக்கி சாயத் தொடங்கியது.

முதலில் பார்த்தவர் தேசப்பன். துள்ளிப் பின்னால் குதித்து, “ஆபு, ஆபு” என்று கத்தினார்.

தெலுங்கில் ஆபு என்றால் நிறுத்து. திருத்தணியில் பிறந்த குழந்தைக்கும் அது தெரியும். கதிரவனோ வாலாஜாபாத்துக்காரன். அவன் காதில் அது ஆப்பு என்று விழுந்தது. ‘அட, பெரியவர் சரியாத்தான் சொல்றாரு, சக்கரத்துக்கு ஆப்பு வைக்கணும்’ என்று சுற்றுமுற்றும் பார்த்தான். கட்டையும் கல்லும் கண்ணில் படவில்லை. நிர்மலாவின் கூடையில் இரண்டு தேங்காய் இருந்தது.

இரண்டையும் பிடுங்கி ஓடி, முன்சக்கரத்துக்கு முன்னால் ஒன்றன்பின் ஒன்றாக வைத்துவிட்டு ஒதுங்கினான். வண்டி தொப்பென்று ஜாக்கியிலிருந்து விழுந்து உருண்டது. முதல் தேங்காய் படாரென்று உடைந்து சிதறியது. இரண்டாவது தேங்காய் வண்டியை நிறுத்தியது.

அப்போதுதான் படியேறி வந்த காவடிக் கூட்டம் ஒன்று, சத்தம் கேட்டதும் காரணம் கேட்காமல் “அரோகரா” என்று முழங்கியது. அதில் ஒரு அம்மாள் குனிந்து நல்ல சில்லாக நாலு பொறுக்கி முந்தானையில் முடிந்துகொண்டாள்.

“அது வேண்டுதல் தேங்கா. எங்க வம்சத்துல இதுவரைக்கும் யாரும் டயரால ஒடைச்சதில்ல” என்றாள் நிர்மலா.

“நான் நிறுத்துன்னு சொன்னேன் நைனா. ஆப்பு கேக்கல” என்றார் தேசப்பன்.

“எங்க ஊர்ல ஆப்புன்னா ஆப்புதாங்க” என்றான் கதிரவன். இந்த ஆப்பு யாருக்கு என்பது மட்டும் அவனுக்குத் தெளிவாகப் புரிந்துவிட்டது. ஏழாவது பெண்ணும் போனாள். வள்ளிநாயகி முந்தானையால் பாதி முகத்தை மூடிக்கொண்டு கோபுரத்தைப் பார்த்தாள். ஜம்புலிங்கம் பையிலிருந்து போனை வெளியே எடுத்தார்.

இவ்வளவு நேரம் மதில் ஓரமாக உட்கார்ந்து வாழைப்பழம் தின்றுகொண்டிருந்த புவனா எழுந்து பக்கத்தில் வந்தாள்.

“கம்பெனில நீங்க இன்னா வேலைங்க பண்றீங்க?”

கதிரவன் அம்மாவைப் பார்த்தான். அம்மா வேண்டாம் என்று கண்ணை உருட்டினாள். கெட்ட குடிதானே, இனிமேல் மறைத்து என்ன ஆகப்போகிறது என்று அவனுக்குத் தோன்றியது.

“ஸ்டிக்கர் ஒட்றேங்க.”

“இன்னா ஸ்டிக்கர்?”

“ஜாக்கி எப்படிப் போடறதுன்னு.”

புவனா உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கப் பார்த்தாள். முடியவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். கதிரவனுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. ஆனாலும் அந்தச் சிரிப்பை இன்னும் கொஞ்சநேரம் கேட்கலாம் போலவும் இருந்தது.

“உங்களுக்கு டயர் மாத்தத் தெரியுமாங்க?” என்று கேட்டான்.

“தெரியும்.”

“அப்ப இந்தாங்க” என்று ஸ்பேனரை அவள் கையில் கொடுத்தான். “எனக்கும் சொல்லிக் குடுங்க. நான் ஒட்டிகினே இருக்கேன், இன்னா ஒட்றேன்னு இன்னைக்காச்சும் தெரிஞ்சிக்கறேன்.”

புவனா பட்டுப்புடவையைத் தூக்கி இடுப்பில் செருகினாள். “மொதல்ல ஹேண்ட் பிரேக்கை இழுங்க. தேஞ்சா தேயட்டும். கியரைப் போடுங்க. மாமா, அந்த மதில் ஓரமா ரெண்டு கல்லு இருக்குது பாருங்க, கொணாந்து முன்சக்கரத்துக்கு அண்டை குடுங்க. தேங்காயை எடுத்து அம்மாகிட்டக் குடுத்துடுங்க.”

அப்புறம் ஸ்பேனரை மாட்டி, அதன்மேல் ஏறி நின்று ஒரு மிதி மிதித்தாள். நட்டு கீச்சென்று இளகியது. “வண்டியத் தூக்கறதுக்கு மின்ன நட்டை இளக்கிடணும். டயர் தரையில இருந்தாத்தான் சுத்தாது.”

“ரெண்டாவது படமா இருக்கும்” என்றான் கதிரவன்.

தேங்காய்க் கடையில் ஒரு பலகை வாங்கி ஜாக்கிக்கு அடியில் போட வைத்தாள். ஜாக்கி எங்கே உட்கார வேண்டும் என்று அவன் விரலைப் பிடித்து வண்டியின் அடியில் தடவிக் காட்டினாள். விரலைப் பிடித்ததில் பாடம் பாதி மறந்துவிட்டது, இன்னொரு முறை காட்டச் சொன்னான். ஸ்டெப்னியை வண்டிக்கடியில் படுக்க வைக்கச் சொன்னாள். ஜாக்கி காலை வாரினாலும் வண்டி அதன்மேல் உட்காரும், ஆள் மேல் உட்காராது என்றாள். இவன் ஜாக்கியைச் சுற்ற, அவள் நட்டைக் கழற்ற, இருபது நிமிஷத்தில் வேலை முடிந்தது.

“புவனாதான் வாரத்துல ரெண்டு தபா லுங்கி லோடு ஏத்திகினு சென்னைக்கு வண்டி ஓட்டுது” என்றார் ஜம்புலிங்கம், கொஞ்சம் கூச்சத்தோடு. “மாப்பிள்ளை எதிர்ல பொண்ணு ஸ்பேனரைத் தொட்டா நல்லா இருக்காதேன்னு சும்மா இருந்தேன்.”

கதிரவன் கரி படிந்த கையைத் துடைத்துக்கொண்டான். ஸ்டிக்கர் ஒட்டுகிறவனுக்கு, அதுவும் வேண்டுதல் தேங்காயைக் கார் ஏற்றி உடைத்தவனுக்கு யார் பெண் கொடுப்பார்கள்? கும்பிட்டுவிட்டுக் கிளம்ப வேண்டியதுதான் என்று செருப்பை எடுக்கப் போனான். செருப்புக்குக் காவல் இருக்கும் ரஞ்சிதம் கார்களுக்குப் பக்கத்திலேயே சாக்கு விரித்து உட்கார்ந்திருந்தாள். பின்னாலேயே தன் செருப்பை வாங்க வந்த புவனாவைப் பார்த்ததும், ரஞ்சிதம் வெற்றிலையை ஒரு பக்கமாக ஒதுக்கிக்கொண்டு கேட்டாள்:

“ஏம்மா புவனா, மின்ன வந்த மூணு மாப்பிள்ளைங்களுக்கும் இதே டயர்லதான காத்த எறக்கி உட்ட? இந்தப் புள்ள ஒண்ணுதான் ஸ்பேனரை உன் கையில குடுத்துது.”