மேப்பில் இல்லாத சகலை

சகலை சௌந்தரராஜனின் புது வீட்டு வாசலை மிதிப்பதில்லை என்று வரதராஜன் சபதம் எடுத்து நாலு மாதம் ஆகிறது. சபதத்தை மனைவி ரமாவிடம் சொல்லவில்லை. சொல்லிவிட்டு உயிரோடு இருக்க முடியுமா? அதற்குப் பதிலாகப் பழியைத் தூக்கிக் கார் மேல் போட்டார்.

"நான் என்ன பண்றது ரமா? கொம்பல்லி தாண்டி அந்த ரோடே நம்ம கார் மேப்ல இல்லையே. விலாசம் போட்டா, வயக்காட்டு நடுவுல நிக்கறோம்னு காட்டுது!"

"போன்ல பாருங்களேன்."

"போனைப் பாத்துக்கிட்டே ஓட்டினா போலீஸ் பிடிப்பான்."

"நான் பாத்துச் சொல்றேன்."

"நீயா? வலதுன்னு சொல்லி இடது கையைக் காட்டுவே!"

உண்மையில் அவர் பயந்தது ரோட்டுக்கு அல்ல, குளியலறைக்கு. சௌந்தரராஜன் வீட்டில் நாலு குளியலறை. வருகிறவர்களை ஒவ்வொன்றாகக் கூட்டிப் போய்க் குழாயைத் திறந்து காட்டுவார் என்று கேள்வி. கடைசியில், "உங்க வீட்ல எத்தனை?" என்று கேட்பாராம். வரதராஜன் வீட்டில் ஒன்றுதான். அதிலும் தாழ்ப்பாள் விழாது. வயதிலும் முறையிலும் மூத்தவர் அவர். அந்தக் கேள்விக்கு அவர் எந்த முகத்தோடு பதில் சொல்வது?

ஞாயிற்றுக்கிழமை காலை பக்கத்து வீட்டு முகமது யூசுப் வந்தார். அமீர்பேட்டில் கம்ப்யூட்டர் சொல்லிக் கொடுப்பவர்.

"அண்ணா, உங்க காருக்குப் புது மேப் இறக்கிட்டேன். இந்தப் பென்டிரைவைக் கார்ல சொருகுங்க. முக்கால் மணி நேரம். ஆனா முடியற வரைக்கும் எஞ்சினை ஆஃப் பண்ண நக்கோ, பண்ணவே கூடாது! பாதில நிறுத்தினா சிஸ்டம் காலி."

"உங்களை யாரு இறக்கச் சொன்னது?"

"ரமா பாபிதான்."

வரதராஜனுக்குத் திக்கென்றது. அடுத்த கணமே மூளை வேலை செய்தது. இப்போது மணி பதினொன்று. மேப் ஏறி முடிக்கப் பன்னிரண்டு. அதற்கு மேல் கிளம்பினால் சரியாகச் சாப்பாட்டு நேரத்தில் போய் நிற்க வேண்டும். சொல்லாமல் கொள்ளாமல் அப்படிப் போவது மரியாதையா? அதுவரை ஏசி காற்றில் பேப்பர் படிக்கலாம். கரும்பு தின்னக் கூலியா!

பென்டிரைவைச் சொருகினார். திரையில் 'மூன்று சதவீதம்' என்று வந்தது. பேப்பரை விரித்தார். மறுபக்கக் கதவு திறந்தது. பட்டுப்புடவையில் ரமா. மடியில் பழத்தட்டு.

"கிளம்புங்க."

"மேப் ஏறிக்கிட்டு இருக்கு!"

"ஏறட்டும். வண்டி நின்ன இடத்துலயே பெட்ரோல் குடிக்குது. ஓடிக்கிட்டே குடிக்கட்டுமே. யூசுப் பாய், ஓட்டலாமில்ல?"

"ஹவ் பாபி, தாராளமா ஓட்டலாம்! ஆஃப்தான் பண்ணக்கூடாது."

வரதராஜன் சாவியைப் பார்த்தார். அணைத்தால் சிஸ்டம் போகும், அணைக்காவிட்டால் மானம் போகும். சிஸ்டம் விலை அதிகம். ஓட்டினார்.

"எங்கேன்னாவது சொல்லு" என்றார், கோயிலாக இருக்காதா என்ற நப்பாசையில்.

"நேரா போங்க, சொல்றேன்."

மல்காஜ்கிரி போயிற்று, போயின்பல்லி போயிற்று. சுசித்ரா சர்க்கிள் வந்ததும் அந்த நப்பாசையும் போயிற்று.

"ஏய், இது கொம்பல்லி ரோடாச்சே!"

"மேப்லயே இல்லாத ரோடுன்னீங்க. எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"

"நான் யூ டர்ன் அடிக்கறேன்."

"அடிங்க. யூ டர்ன் ரெண்டு கிலோமீட்டர் தள்ளி இருக்கு. அதுக்கு முன்னாடியே என் தங்கச்சி வசந்தா வீடு வந்துடும்."

அதற்குப் பிறகு ரமா வழி சொன்ன அழகு இருக்கிறதே! சந்து சந்தாக, பள்ளம் பள்ளமாகச் சொன்னாள். "இங்க ஒரு ஸ்பீட் பிரேக்கர், மெதுவா" என்று சொன்ன பிறகுதான் ஸ்பீட் பிரேக்கரே வந்தது.

"உனக்கெப்படி இவ்வளவு தெரியும்?"

"மாசம் ரெண்டு தடவை தங்கச்சி வீட்டுக்கு ஆட்டோல வர்றேனே. நீங்க ஞாயித்துக்கிழமை மத்தியானம் தூங்கற தூக்கத்துல நான் டெல்லிக்கே போயிட்டு வரலாம்."

வாசலில் சௌந்தரராஜன் வேட்டியை மடித்துக் கட்டியபடி ஓடி வந்தார். "வாங்கண்ணா, வாங்க! நாலு மாசமா உங்களைத்தான் எதிர்பார்த்துக்கிட்டு இருக்கேன்!" வரதராஜன் கையைப் பிடித்தவர் விடவே இல்லை. குழாய்களையும் காட்டினார்தான். ஆனால் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. "நாலையும் கழுவி மாளலைண்ணா" என்று புலம்பினார். வரதராஜனுக்கு இந்த மனிதரையா வெறுத்தோம் என்று வெட்கமாகப் போய்விட்டது. சுண்டைக்காய் வத்தக்குழம்பும் அப்பளமும் மிச்ச வெட்கத்தைத் துடைத்தன. தெரியாத்தனமாக நாலு மாதம் பட்டினி கிடந்திருக்கிறோம் என்று தோன்றியது.

சாயங்காலம் நிறைந்த வயிறோடு காரில் ஏறினார். எல்லாரும் வழியனுப்ப நின்றார்கள். புது மேப்பின் பெருமையைக் காட்ட இதைவிட நல்ல நேரம் வருமா?

"பாருங்க சகலை, ஒரே அமுக்கு. மல்காஜ்கிரில எங்க வீட்டு வாசல் வரைக்கும் கொண்டுபோய் விட்டுடும்!"

திரையில் 'வீடு' என்ற பொத்தானை அமுக்கினார்.

'நீங்கள் வீடு வந்து சேர்ந்துவிட்டீர்கள்' என்று இங்கிலீஷில் சொன்னது கார்.

சௌந்தரராஜன் சிரிப்பை அடக்கப் படாத பாடு பட்டார். வரதராஜன் மெல்லத் தலையைத் திருப்பி மனைவியைப் பார்த்தார்.

"இங்க வந்து மேப் ஏறி முடிஞ்சவுடனே 'இதுதான் உங்க வீடா'ன்னு கேட்டுது. ஆமான்னு அமுக்கினேன்" என்றாள் ரமா, காரில் ஏறாமல் நின்ற இடத்திலிருந்தே. "அது சரியாத்தான் சொல்லுது. நாளைக்கு 'போனாலு' அம்மன் பண்டிகை, ஆபீஸ் லீவு. உங்க லுங்கி டிக்கியில இருக்கு."