ரோமாபுரியார் வீட்டுப் பரீட்சை

கேமரன் மலையில் லோரி ஓட்டியவர்களிலேயே லத்தீனில் எண்ணிக்கொண்டு ரிவர்ஸ் எடுத்தவர் ரோமாபுரியார் ஒருவர்தான். இதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. ‘ஊனுஸ், துவோ, த்ரேஸ்’ என்று மூன்று வரை எண்ணிக்கொண்டே பின்னால் வருவார். நான்காவது எண்ணை அவர் சொல்லி நான் கேட்டதில்லை. அதற்குள் தேயிலைத் தொழிற்சாலையின் சுவர் வந்துவிடும்.

சொந்தப் பெயர் என்னவோ, எங்கள் தோட்டத்தில் அவர் ரோமாபுரியார். நான் அங்கே கிராணி, அதாவது ஆபீஸ் எழுத்தர். ஆறு குடும்பங்கள் வரிசையாக இருந்த லைன் வீட்டில் அவருக்கு அடுத்த கதவு. நடுவில் ஒரு பலகைச் சுவர், அதுவும் கூரை வரை போகாது. அவர் பக்கம் மாதா படம், என் பக்கம் முருகன் படம். இரண்டும் ஒரே ஆணியின் இரண்டு முனைகளில் தொங்கியதாக லைனில் ஒரு பேச்சு உண்டு.

மகள் திரேசா ஆறாம் வகுப்பு முடித்ததும், இனிமேல் வீட்டிலேயே படிப்பு என்று அறிவித்துவிட்டார். கத்தோலிக்கக் குடும்பங்களுக்கென்று கடல் தாண்டி ஓர் ஆன்லைன் பள்ளியாம். ஆதி காலத்துப் பாடங்கள்: லத்தீன், தர்க்கம், மேடைப்பேச்சு. தினமும் மாலை ஐந்து மணிக்கு லோரியை நிறுத்தி, குளித்து, கழுத்தில் டை கட்டி, கேமராவில் விழாத மூலையில் நோட்டுப் புத்தகத்தோடு உட்கார்வார். டை யாருக்காக என்று கேட்டேன்.

“கிளாஸுக்குப் போறப்போ கட்டணும் கிராணி. நான் மூனாங் கிளாஸோட நின்னவன். இப்பத்தான் மறுபடி சேந்துருக்கேன்.”

படித்ததை அன்றன்றே செலவழிக்காவிட்டால் அவருக்குத் தூக்கம் வராது. ஒருநாள் காலைப் பெரட்டில், எல்லாரும் வேலைக்குப் பெயர் கொடுக்க நிற்கும்போது, வேலை பிரித்துக் கொடுக்கும் கங்காணியிடம் தர்க்கம் பேசினார்.

“எல்லா மனுசனும் தப்பு செய்வான். கங்காணி ஒரு மனுசன். ஆகவே...”

“ஆகவே நீ இன்னிக்குக் கோலா தெர்லா போயி உர மூட்டை ஏத்திட்டு வா” என்றார் கங்காணி.

அவருடைய மனைவி மேரி அக்கா கொழுந்து பறிப்பவர், சுருக்கமாகப் பேசுபவர். “ஒரு வருசம் பாப்பேன். வருசக் கடைசி வாய்ப்பரீட்சைல தேறலன்னா புள்ள ரிங்லெட் ஸ்கூலுக்குப் போவா, லெப்டாப் பெட்டிக்குள்ள போயிரும்” என்று சொல்லிவிட்டார். பெட்டிக்குள் போவது ரோமாபுரியாரின் பள்ளிக்கூடமும்தான். அது லைன் முழுக்கத் தெரியும்.

அந்த ஒரு வருடத்தை இப்போது நினைத்தால் கனவு போலத்தான் இருக்கிறது. மாலையில் மேகம் இறங்கி ஜன்னல் வழியாக வீட்டுக்குள்ளேயே வரும். தேயிலை, பாதை, எதிர் மலை எல்லாம் மறைந்துபோகும். மிச்சமிருப்பது திரேசாவின் குரல் மட்டும். ரோஜாவுக்கு லத்தீனில் ரோசாவாம். அந்த ஒரு பூவைப் பத்து விதமாகத் திருப்பிச் சொல்வாள். ‘ரோசா, ரோசே, ரோசே, ரோசாம், ரோசா.’ ஆறு கதவுக்கும் அது மனப்பாடம். கங்காணி வீட்டில் அந்தத் தாளத்துக்குத்தான் மிளகாய்ச் சம்பால் இடிப்பார்கள். நான் பாதித் தூக்கத்தில் கேட்டுக் கேட்டு, எது மழை எது லத்தீன் என்று தெரியாமல் கிடந்திருக்கிறேன்.

பரீட்சை நாள் வந்தது. நான் என் பக்கம் சட்டை தேய்த்துக்கொண்டிருந்தேன். திரேசா முதல் ஐந்தைச் சொல்லிவிட்டு, “ரோசே...” என்று அடுத்த ஐந்தை ஆரம்பித்தாள். நின்றுவிட்டாள்.

“ரோசாரும்” என்றது ஒரு வாய்.

என் வாய்தான். சத்தியமாக நான் நினைத்துச் சொல்லவில்லை. தும்மல் மாதிரி வந்துவிட்டது.

“ஹூ இஸ் தட்?” என்றார் மிஸ், கம்ப்யூட்டருக்குள்ளிருந்து.

ரேடியோ என்று சொல்லியிருக்கலாம். ரோமாபுரியார் எழுந்து கேமரா முன் வந்து, டையைச் சரிசெய்துகொண்டு, “நெய்பர், மிஸ். குட் மேன்” என்றார். பரீட்சை செல்லாது, அடுத்த வாரம் மறுபடி, அப்போதும் வேறு குரல் கேட்டால் தேறாததாக எழுதிவிடுவேன் என்றார் மிஸ். ரோமாபுரியார் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

அடுத்த வாரம் நாலே முக்காலுக்குக் கங்காணி கதவு கதவாகத் தட்டினார். “எல்லாரும் வெளிய. அந்த எழவு எல்லாருக்குந்தான் தெரியும், எவன் வாயையும் நம்ப முடியாது லா.”

பனிக்குள் தேயிலை ஓரமாக நின்றோம். பக்கத்தில் நிற்பவர் முகம் தெரியவில்லை. ஆறு வீட்டு ஆட்களும் நாய்களும் மூச்சுவிடாமல் நின்ற வேறு நாள் எனக்கு நினைவில்லை. தூரத்தில் திரேசா. “ரோசா, ரோசே...” முதல் ஐந்து முடிந்தது. “ரோசே...”

மறுபடி நின்றாள்.

கங்காணி என் கையை இறுக்கிப் பிடித்தார். நான் துண்டை வாயில் திணித்துக்கொண்டேன். மேரி அக்கா பக்கத்தில் நின்றிருந்தார். பிள்ளை பள்ளிக்கூடத்துக்குப் போகட்டும் என்று சொன்னவருடைய உதடுகள்தான் சத்தமில்லாமல் எல்லாருக்கும் முன்னால் அசைந்தன.

“ரோசாரும்” என்றாள் திரேசா. பிறகு தண்ணீர் மாதிரி ஓடியது.

வெகுநேரம் கழித்து ரோமாபுரியார் வாசலுக்கு வந்தார். “தேறிட்டா” என்றார். பிறகுதான் எங்களைப் பார்த்தார். “ஏன் எல்லாரும் பனியில நிக்கிறீங்க?”

“சும்மாத்தான்” என்றார் கங்காணி.

ரோமாபுரியார் என்னிடம் வந்தார். நான் தலை நிமிரவில்லை.

“கிராணி, நாளைக்கு அஞ்சு மணிக்கு அடுத்த வருசப் பாடம் ஆரம்பம். சொவத்துக்கு அந்தப் பக்கம் இருந்து எதுக்குக் கேக்கணும்? என் பக்கத்துல ஒரு நாக்காலி போட்டுர்றேன்.”

மறுநாள் போனேன். மாற்றலாகி மலையிறங்கும் வரை ஒரு நாள் கூட வகுப்பைத் தவறவிடவில்லை. லத்தீன் எனக்கு ஏறவே இல்லை. அந்த மனிதரின் பக்கத்தில் உட்கார எனக்குப் பிடித்திருந்தது, அவ்வளவுதான்.