சாவி பெற நேரில் வரவும்

கெடாவில் வீடு வாங்கவோ விற்கவோ நினைக்கும் எவரும் முதலில் எனக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டுத் தொடங்குவதே முறை. பாடாங் செராயை அடுத்த ரப்பர் தோட்டத்தில் பன்னிரண்டு ஆண்டுகளாகக் கிராணி வேலை, அதாவது கணக்கும் பெயர்ப்பதிவும் எழுதும் குமாஸ்தா வேலை, பார்க்கும் தர்மலிங்கம் என்பவன் நான். ஜப்பான்காரன் வருகிறான் என்றதும் வெள்ளைக்காரத் துரை அவசரமாகக் கிளம்பிப் போனபோது விட்டுச் சென்றவை மூன்று: ஒரு நாய், ஒரு தட்டச்சு இயந்திரம், நான். நாய் பிழைக்கவில்லை. மிஞ்சிய நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து இந்த வட்டாரத்தில் சட்டத்தைக் காப்பாற்றி வருகிறோம்.

ஜனங்கள் என்னிடம் கேட்பவை பெரும்பாலும் ஒரே கேள்விகள்தான். வீடு யார் பேரில் இருக்க வேண்டும்? வில்லங்கம் உண்டா என்று எப்படிப் பார்ப்பது? விற்றவன் எப்போது காலி செய்வான்? நான் ஒவ்வொருவருக்கும் என் சொந்த வீட்டை விற்ற வரலாற்றையே பதிலாகச் சொல்வேன். அந்தப் பத்திரத்தில் ஒரு பிழையும் இல்லை. எழுதியவனும் நான், சரிபார்த்துச் சான்றளித்தவனும் நான்.

நான் விற்ற அந்த வீடு கடைத்தெருவுக்குப் பின்னால் இருக்கிறது. பலகைச் சுவர், தகரக் கூரை, பின்பக்கம் கிணறு. தோட்டத்து லயத்தில், அந்த நீளமான வரிசை வீடுகளில், குடியிருப்பவனுக்கு வேலை போனால் அன்றைக்கே வீடும் போகும், அது கம்பெனி வீடு. அப்போது என் கதவை யாரும் வந்து பூட்ட முடியாது. லயத்திலிருந்து கடைக்குப் போகும் பெண்கள் அந்தக் கதவை ஒரு தடவை பார்த்துவிட்டுத்தான் போவார்கள். ரப்பர் மரத்தில் பால் வெட்டும் முனியாண்டியின் மனைவி பாப்பம்மா நின்றே பார்ப்பாள்.

ஜப்பானியக் கணக்கில் 2603ஆம் ஆண்டு, அதாவது நம் கணக்கில் 1943, தோட்டத்துக்குப் பொறுப்பாக வந்த ஜப்பானிய அதிகாரி சயாமில் ரயில் பாதை போட ஆள் கேட்டார். மூன்று மாத வேலை, திரும்பும்போது துணிமணி என்று சொன்னார். குடும்பமில்லாத ஆண்கள் முதலில் போக வேண்டுமாம். நான் கட்டைப் பிரம்மச்சாரி. பட்டியலை எழுதியவனின் பெயரே பட்டியலில் இருப்பது நிர்வாக ஒழுங்குக்கு முரணானது என்று பணிவோடு எடுத்துச் சொன்னேன். அதிகாரி என் கன்னத்தில் இரண்டு அறை விட்டு அந்த ஆட்சேபணையைத் தள்ளுபடி செய்தார்.

அப்போதுதான் எனக்குப் பெரட்டு ஞாபகம் வந்தது. விடியுமுன் தோட்டத்தில் ஆட்களை வரிசையில் நிறுத்திப் பெயர் கூப்பிடுவதுதான் பெரட்டு. ஜப்பான்காரன் கடிகாரத்தை டோக்கியோ நேரத்துக்கு மாற்றியபிறகு அது இன்னும் இருட்டில் நடக்கிறது. ஒருவன் காய்ச்சலில் கிடந்தால் பக்கத்தில் நிற்பவன் அவனுக்காக “இருக்கேன்யா” என்று குரல் கொடுப்பான். அவன் பெயர் பட்டியலிலிருந்து விழாது, அரிசியும் நிற்காது. தாத்தா காலத்திலிருந்து வரும் நல்ல வழக்கம். பெயர்தான் ஆஜராக வேண்டும், ஆள் எது என்று இருட்டில் யார் பார்க்கிறார்கள்?

முனியாண்டியைக் கூப்பிட்டேன். அவன் தர்மலிங்கம் என்ற பெயரில் சயாமுக்குப் போவது, நான் முனியாண்டி என்ற பெயரில் இங்கே இருப்பது, போனதற்குப் பதிலாக வீடு அவனுக்கு. துரையின் இயந்திரத்துக்குத் தமிழ் தெரியாது, ஆகவே கையாலேயே இரண்டு பக்கம் எழுதினேன். “மேற்படி”, “கீழ்க்கண்ட”, “ஏகமனதாக” எல்லாம் உரிய இடங்களில் இருந்தன. கடைசியில் ஒரு சிறிய நிபந்தனை: வாங்கியவர் நேரில் வந்து சாவி பெறும் நாள் முதல் வீடு அவர் குடும்பத்துக்குச் சொந்தம். முனியாண்டிக்குப் படிக்கத் தெரியாது. நான் அவனுக்கு வாசித்துக் காட்டினேன், சற்று வேகமாக.

அவன் கேட்டது ஒரே கேள்வி.

“மழை பேஞ்சா ஒழுகுமாய்யா?”

சட்டத்துக்கும் இந்தக் கேள்விக்கும் சம்பந்தமில்லை. ஆனாலும் ஒழுகாது என்று சொன்னேன். அடுப்பங்கரையில் ஒழுகும்தான், ஆனால் வாங்குவதற்கு முன்பு கூரையைப் பார்த்துக்கொள்வது வாங்குபவரின் பொறுப்பு. கட்டைவிரலில் மை தடவி அவன் ரேகை வைத்தான். “மூணு மாசந்தானேலா” என்று பாப்பம்மாவிடம் சொல்லிவிட்டு லாரியில் ஏறினான். அவள் இடுப்பில் கைக்குழந்தை. லாரி போன பிறகு அவள் நேரே லயத்துக்குப் போகவில்லை, என் வீட்டைப் பார்த்துவிட்டுப் போனாள் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

மறுநாள் முதல் பெரட்டில் சற்று வேலை கூடியது. நானே “முனியாண்டி” என்று கூப்பிடுவேன். நானே குரலை மாற்றி “இருக்கேன்யா” என்பேன். அதிகாரி தலையை ஆட்டுவார். அவருக்கு நான் “கிராணி” மட்டும்தான், என் பெயர் என்ன என்று அவர் கேட்டதில்லை. லாரியில் தலைக்கணக்கு சரியாக இருந்ததால் கிராணி ஏன் போகவில்லை என்றும் கேட்கவில்லை. ஆட்கள் வாயைத் திறக்கவில்லை. அடுத்த பட்டியலை எழுதப் போகிறவனும் நான்தான் என்பது அவர்களுக்குத் தெரியும். முனியாண்டிக்கு உரிய அரிசியும் சட்டப்படி எனக்கே வந்தது. அதில் கால் பங்கைப் பாப்பம்மாவுக்குக் கொடுத்தேன். இரக்கம் என்று யாராவது சொன்னால் நான் மறுக்கப் போவதில்லை.

மூன்று மாதம் ஆறு மாதம் ஆனது. அதற்குள் ஜப்பான்காரர்கள் கெடாவையே சயாமுக்குக் கொடுத்துவிட்டார்கள். சட்டம் படிக்கிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். ஒரு மாநிலத்தை வயல், வாய்க்கால், குடியிருப்பவர்கள் சகிதம் கை மாற்றினார்கள். யாருடைய கையெழுத்தும் வாங்கவில்லை. வில்லங்கம் பார்க்கவில்லை. அதோடு ஒப்பிட்டால் என் பத்திரம் தங்கம்.

கொடி மாறினாலும் தோட்டத்தில் அதே ஜப்பானிய அதிகாரிதான். அந்த வாரம் பாப்பம்மா என் வீட்டு வாசலில் வந்து நின்றாள். லயத்தில் மழைத்தண்ணீர் ஏறிவிட்டதாம், பிள்ளைக்கு நெஞ்சுச் சளியாம்.

“கொடி மாறிட்டா சூராட் செல்லுமா, கிராணி ஐயா?”

பத்திரம் தாராளமாகச் செல்லும் என்றேன். மிக நல்ல கேள்வி என்று பாராட்டவும் செய்தேன். அப்படியானால் சாவியைத் தரலாமே என்றாள். நான் பத்திரத்தை எடுத்துக் கடைசி வரியை மெதுவாக வாசித்துக் காட்டினேன். வாங்கியவர் நேரில் வர வேண்டும். சட்டம் என்ன செய்யும், பாவம். அவள் கொஞ்ச நேரம் என் அடுப்பங்கரைக் கூரையைப் பார்த்துவிட்டுப் போய்விட்டாள். அதன்பின் இரண்டு தடவை வந்தாள், இரண்டு தடவையும் அதே வரியை வாசித்தேன். சட்டத்துக்கு முன் எல்லாரும் சமம் என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும்?

அடுத்த ஆண்டு அதிகாரி ஒரு தாளை நீட்டினார். சயாமில் இறந்தவர்களின் பெயர்கள் அதில் இருந்தன. அடித்துவிடச் சொன்னார். நான்காவது வரியில் நான் இறந்திருந்தேன். தர்மலிங்கம், வாந்திபேதி. சொந்த மரணத்தைச் சிவப்பு மையால் அடிக்கும் பாக்கியம் எல்லாக் கிராணிகளுக்கும் வாய்ப்பதில்லை. கோடு நேராக விழ அடிக்கோலை வைத்து அடித்தேன்.

பாப்பம்மாவிடம் சொல்லவில்லை. ஆவணப்படி இறந்தவன் அவள் கணவன் இல்லை. அந்நியன் ஒருவனின் மரணத்தை அவளுக்கு அறிவிக்க எனக்கு என்ன அதிகாரம்?

ஆனால் பக்கிரிசாமி ஆவணம் படிக்காதவன். அவனும் அதே லாரியில் போனவன். சயாம் முகாமிலிருந்து தப்பி, காலெல்லாம் புண்ணாக, அந்தத் தாள் வந்து எட்டு மாதம் கழித்து வந்து சேர்ந்தான். முனியாண்டியை மூங்கில் பாயில் சுற்றிப் புதைத்த நாலு பேரில் அவனும் ஒருவன். நேரே பாப்பம்மா வீட்டுக்குப் போய்ச் சொல்லிவிட்டான். லயம் முழுக்க அழுகை கேட்டது. நான் ஜன்னலைச் சாத்திக்கொண்டேன்.

மறுநாள் பெரட்டு. அதிகாரி வழக்கம்போல் கைவிளக்கோடு நின்றார். நான் பெயர்களைக் கூப்பிட்டுக்கொண்டு வந்தேன். முனியாண்டி என்று கூப்பிட்டேன். பழக்கதோஷம், “இருக்கேன்யா” என்றும் சொல்லிவிட்டேன். பெண்கள் வரிசையிலிருந்து பாப்பம்மா வெளியே வந்தாள். நெற்றியில் பொட்டில்லை.

“இப்ப இருக்கேன்னு சொன்னது யாரு, கிராணி ஐயா?”

நான் பதிவேட்டின் அடுத்த பக்கத்தைப் புரட்டினேன். அதிகாரி விளக்கை என் முகத்துக்குத் திருப்பினார்.

“முனியாண்டி நேர்ல வந்தா வீடுன்னு நீங்கதான் எழுதினீங்க. ஒன்றரை வருசமா தெனமும் வந்துட்டேன்னு நீங்கதான் சொல்றீங்க. சாவியக் குடுங்க.”

நான் தர்மலிங்கம் என்று அவளைத் திருத்தியிருக்கலாம். தர்மலிங்கத்தைச் சிவப்பு மையால் அடிக்கச் சொன்ன அதிகாரி பக்கத்தில்தான் நின்றார். அவர் இடுப்பில் வாளும் இருந்தது. மெதுவான குரலில், பிறகு பேசிக்கொள்ளலாம் என்றேன்.

“பொறவு என்ன பேச இருக்கு? நீங்க தர்மலிங்கம்னா சயாம்ல செத்துப் பொதைச்சாச்சு. முனியாண்டின்னா எம் புருசன். ரெண்டுல எதுன்னு இந்தக் கூட்டத்துல வச்சு எழுதிக் குடுங்க.”

என்ன விவகாரம் என்று அதிகாரி சைகையில் கேட்டார். நான் இடுப்பிலிருந்து சாவியை எடுத்து அவளிடம் கொடுத்தேன். குடும்ப விஷயம் என்று நினைத்தாரோ என்னவோ, அவர் தலையை ஆட்டினார்.

அவள் அன்றே குடிபோனாள். பக்கிரிசாமி புண்ணுக் காலோடு ஏறி அடுப்பங்கரைத் தகரத்துக்குத் தார் பூசிக் கொடுத்தான். நான் முனியாண்டியின் லயத்து அறையில் இருக்கிறேன். மழை பெய்தால் தண்ணீர் ஏறுகிறது. நெஞ்சுச் சளி எனக்கும் வந்தது.

என்றாலும் சட்டத்தின்மேல் எனக்கு மதிப்புக் குறையவில்லை. வீடு வாங்க விரும்புவோர் இப்போதும் என்னிடம் வரலாம். மாதிரிக்கு அந்தப் பத்திரத்தின் நகலையே காட்டுகிறேன். விற்றவர் என்ற இடத்தில் என் கையெழுத்து அழகாக விழுந்திருக்கிறது. வாங்கியவர் என்ற இடத்தில் முனியாண்டியின் கட்டைவிரல் ரேகை இன்னும் அழியவில்லை. கொன்றவர் என்று ஓர் இடம் அதில் கிடையாது. படிவத்தைத் தயாரித்தவன் நான்.