கரைந்துபோன நவூரு

பொறாமை என்பது புத்தகம் வாசிக்காதவர்களுக்கு வரும் நோய் என்று வெகுகாலம் நம்பியிருந்தேன். பொகவந்தலாவையில் என்னோடு ஒரே நாளில் ஆசிரியையாகச் சேர்ந்த வசந்தி அந்த நம்பிக்கையைக் கெடுத்தாள்.

பாடசாலைக் கண்காட்சியில் முதலிடம் பெறும் ஆசிரியருக்குக் கொழும்பில் மூன்று நாள் பயிற்சி. வசந்தி நானுஓயா ஸ்டேஷனை அட்டையில் கட்டி, அதில் ரயிலும் ஓடவிட்டாள். அது கூவும்போதெல்லாம் என் வயிற்றில் கரி எரிந்தது. (டீசல் ரயில்தான், ஆனாலும் எரிந்தது.)

பதிலுக்கு நான் பசிபிக் சமுத்திரத்தையே இறக்கினேன். நவூரு என்றொரு சின்னஞ்சிறு தீவு. அதன் நடுமேடெங்கும் உரத்துக்கான பொஸ்பேற்று. அந்நியர்கள் அதைத் தோண்டித் தூரதேசத்து வயல்களுக்கு ஏற்றிவிட்டு, தீவுக்காரருக்குக் கூரிய பாறைகளை மிச்சம் வைத்த வரலாறு. இதன்முன் ரயில் எம்மாத்திரம்?

தேயிலைத் தோட்டத்து உர ஸ்டோரில் வேலை செய்த என் அண்ணனிடம் பொஸ்பேற்று கேட்டேன். காட்டினான், மண்ணிறமாக இருந்தது. அழகு போதாதென்று, பக்கத்தில் பளபளத்த வெள்ளை யூரியாவை வாங்கிவந்து, பசை சேர்த்துத் தீவாகப் பிடித்தேன். கண்காட்சியன்று காலை, தட்டில் அதைச் சுற்றி நீலத் தண்ணீர் ஊற்றினேன்.

ரயிலை வெகுநேரம் ரசித்த கல்வி அதிகாரி, ஒருவழியாக என் மேசைக்கு வந்தார்.

"தீவு எங்க மிஸ்?"

குனிந்தேன். கடல் இருந்தது. ஒரு காகிதத் தென்னை மிதந்தது. வேறொன்றும் இல்லை.

வேடிக்கை பார்க்க வந்திருந்த அண்ணன் பின்னாலிருந்து கத்தினான். "தண்ணியிலயா வச்ச? மழைக்குக் கரையத்தானே புள்ள அத தேயிலை மலைக்குப் போடுறோம்!"

மண்டபம் சிரித்தது. வசந்தி மட்டும் சிரிக்காமல் முன்னே வந்தாள்.

"சேர், அந்தத் தீவுக்கு நடந்ததே இதுதாங்க. ஒரம் ஒரம்னு சொல்லியே இல்லாம ஆக்கிட்டாங்க. மிஸ் அத கண்ணு முன்னாலயே காட்டுறாங்க."

முதலிடம் எனக்குக் கிடைத்தது. அதற்காக அவளை மன்னிக்க எனக்கு நெடுநாள் பிடித்தது.

கொழும்பிலிருந்து நான் திரும்பியபோது, மேசையில் வழிந்த கடலைத் துடைக்க வசந்திக்கு உதவிய அண்ணன், அவளோடு சிநேகமாகியிருந்தான். இன்று வசந்தி என் அண்ணி. அவர்கள் வீட்டில் எனக்கு மட்டும் தேநீரோடு சீனி தனியாக வரும்.

"கரையுமான்னு ஒங்க அண்ணன்கிட்ட கேட்டுட்டுப் போடுங்க மிஸ்."

நான் சொன்ன எந்த வேடிக்கைக்கும் சிரித்தறியாத அண்ணன், இதற்குப் பதினோரு வருடமாகச் சிரிக்கிறான்.