வேலியோரத்து ஆபீசர்

இங்கிலீஷைத் தனியாகப் படிக்கலாம். தனியாகப் பேசினால் கிறுக்கன் என்பார்கள். நாரணாபுரத்தில் என்னை அப்படித்தான் சொன்னார்கள். அது 1960கள். சர்க்கார் குமாஸ்தா பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தேன். இன்னும் ஒரு தடவைதான் எழுத முடியும். அதற்குமேல் வயது இடம் கொடுக்காது. அக்கா பட்டாசு கம்பெனிக்குப் போய்த்தான் எனக்குச் சோறு போட்டாள். ஊரில் என் இங்கிலீஷுக்குப் பதில் சொல்ல ஓர் ஆடுகூட இல்லை. (ஆட்டிடமும் பேசிப் பார்த்தேன்.)

வேட்டி கட்டினால் இங்கிலீஷ் வராது என்று எனக்கொரு நம்பிக்கை. பரீட்சைக்கென்று தைத்த பேண்ட்டை மாட்டிக்கொண்டு, ஒரு மத்தியானம் கம்பெனி வேலியோரம் நடந்தபடி கேள்விகளை உரக்கக் கேட்டுப் பழகினேன். "ஹவ் மெனி பெர்சன்ஸ் ஆர் ஒர்க்கிங் ஹியர்?"

உள்ளே தீபாவளி சீசன். சட்டப்படி நாலு பேர் உட்கார வேண்டிய அறையில் பத்துப் பேர். பேண்ட் போட்டு இங்கிலீஷ் பேசுகிறவன் சோதனைக்கு வந்த ஆபீசராகத்தானே இருப்பான்? கூடுதல் ஆட்களெல்லாம் பின்பக்கம் முள்ளுக்காட்டுக்குள் ஓடி ஒளிந்தார்கள். வெளியூரிலிருந்து புதிதாக வந்திருந்த போர்மேன் என்னிடம் ஓடிவந்து, "எஸ் சார்" என்றார்.

ஆகா, பதில் வந்துவிட்டது! ஏன் வந்தது என்று யோசிக்க வேண்டாமா? அவ்வளவு ஏங்கிப்போயிருந்தேன். நாற்காலி போட்டார், உட்கார்ந்தேன். கலர் சோடா உடைத்துக் கொடுத்தார், குடித்தேன். படித்த வாக்கியங்களையெல்லாம் அவர் தலையில் கொட்டினேன். கடைசியில் அவர், "ஐயா எந்த ஆபீஸ்ல இருக்கீக?" என்றார்.

"ஆபீஸ் இனிமேத்தான் கிடைக்கணும்" என்றேன்.

முள்ளுக்குள்ளிருந்து அக்கா எழுந்து வந்தாள். காலெல்லாம் கீறல். "ஏலே, நீதானா?"

அன்றைக்கு எல்லாருக்கும் அரைநாள் கூலி போயிற்று. தெருவே என்னோடு பேச்சை நிறுத்தியது. சாயங்காலம் அக்கா என் எதிரே உட்கார்ந்து முள் எடுத்தபடி சொன்னாள்: "இனி வெளிய போயிக் கத்தாத. எங்கிட்டயே பேசு. புரியாட்டி என்ன, காது கேக்கும்ல."

பரீட்சை வரைக்கும் தினமும் கேட்டாள். தேறினேன். டெல்லியில் வேலை, நாளெல்லாம் இங்கிலீஷ், மனசுவிட்டுப் பேச ஆளில்லை.

லீவில் ஊருக்குப் போனால், "ஆபீசர் வாராக, ஓடுங்கலே" என்பாள் அக்கா. அவள் பேரப்பிள்ளைகள் வரை எல்லாரும் ஓடி ஒளிவார்கள். அவள் மட்டும் எதிரே உட்கார்ந்து, "ம், பேசு" என்பாள்.

அக்கா காலமான பிறகும் பிள்ளைகள் அந்தக் கேலியை விடவில்லை. போன தடவை நான் போனபோதும் எல்லாரும் ஓடினார்கள். வீட்டுக்குள் யாருமில்லை. அவர்கள் திரும்பி வரும்வரை சிரித்துக்கொண்டே நின்றேன்.