யாரும் எடுக்காத தொடரை என் வீட்டுக்காரர் பார்த்த கதை

என் வீட்டுக்காரர் ஒரு காரியத்தில் இறங்கிவிட்டால் அவரை மிஞ்ச ஆளே கிடையாது. பெருமைக்காகச் சொல்லவில்லை. தொடரைப் பார்க்காமலேயே பார்த்தேன் என்று சொல்ல எத்தனையோ பேரால் முடியும். யாருமே எடுக்காத ஒரு தொடரைப் பார்க்க அவர் ஒருவரால்தான் முடிந்தது.

அவருக்கு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. கடையின் முன்பக்கம் பளபளவென்று இருக்கும். அவர் இருப்பது பின்னறையில். மெஷினில் லென்ஸைத் தேய்த்து ஃப்ரேமுக்குள் பொருத்துவார். அவர் கைபட்ட கண்ணாடி ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை. ஆனாலும் அவருக்கு முன்கவுண்டரில் நிற்க வேண்டும் என்று ஆசை. இஸ்திரி போட்ட சட்டையோடு நின்று, வருகிறவர்களிடம் இந்த ஃப்ரேம் உங்கள் முகத்துக்கு எடுப்பாக இருக்கிறது என்று சொல்ல வேண்டும். பேசத் தெரிந்தவனைத்தான் முன்னால் நிறுத்துவேன் என்று முதலாளி சொல்லிவிட்டாராம்.

அந்தக் கடையில் பேச்சு என்றால் சாப்பாட்டு நேரத்துப் பேச்சு. சாப்பாட்டு நேரத்துப் பேச்சு என்றால் நேற்று யார் என்ன தொடர் பார்த்தார்கள் என்பதுதான். இவருக்கோ டிவி முன்னால் உட்கார்ந்தால் முதல் பாட்டு முடிவதற்குள் கண் சொருகிவிடும். அப்படிப்பட்டவர் ஒரு நாள் செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலிலேயே சபதம் எடுத்தார். இனிமேல் கடையில் எல்லாருக்கும் தொடர் சொல்லுகிற ஆள் அவர்தானாம். எடுத்த கையோடு டிவியைப் போட்டார். சோபாவில் சாய்ந்தார். கொஞ்ச நேரத்தில் நான் போய் டிவியை அணைத்துவிட்டு, அவர் செருப்பையும் கழற்றி வைத்தேன்.

என் விஷயம் வேறு. நாலு பேர் முன்னால் எனக்கு வாய் வராது. ஆனால் போனுக்குள் தோழிகள் இருக்கிறார்கள். குழந்தை ஏன் தூங்கமாட்டேன் என்கிறது என்று எங்கேயோ கேட்கப் போய்ச் சேர்ந்த கூட்டம். ஒருத்தரை ஒருத்தர் நேரில் பார்த்ததில்லை. ஆம்புலன்ஸ் ஓட்டுகிற அக்கா ஒருத்தர், இரட்டைப் பிள்ளைக்காரி ஒருத்தி, இன்னும் சில பேர். பல் முளைத்தது, துணி காயாதது, மாமியார் போன் பண்ணினது, எந்தத் தொடர் நன்றாயிருக்கிறது, எது அறுவை என்று எல்லாம் பேசுவோம். அதாவது அவர்கள் பேசுவார்கள். நான் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டுகிற படத்தை மட்டும் அனுப்புவேன். அதனால் அங்கே எனக்குப் பேரே கட்டைவிரல்.

ஒரு நாள் ஆம்புலன்ஸ் அக்கா பிடித்துக்கொண்டார். "எல்லாருக்கும் ஆமா போடுறியே கட்டைவிரல், நீ என்னதான்டி பாக்குற?"

எங்கள் வீட்டு டிவியில் பாப்பாவின் பொம்மைப் படம்தான் ஓடும். அதில் வருகிற முயலின் பேரைச் சொல்லலாம். வெட்கமாகிவிட்டது. எழுதினால் தப்புத் தப்பாக வரும் என்று குரலாகவே அனுப்ப ஆரம்பித்தேன். அடுக்களைக் கதவுக்குப் பின்னால் ஒரு குடை தொங்கிக்கொண்டிருந்தது. வாய்க்கு வந்ததைச் சொன்னேன்.

"ஒரு பஸ் ஸ்டாண்டுல, தொலைஞ்ச சாமான் எல்லாம் எடுத்து வெக்கிற ரூம்ல ஒரு பொண்ணு வேலை பாக்குறா. ஒருத்தர் தினம் வந்து, கறுப்புக் குடை வந்திருக்கான்னு கேக்குறார். எப்ப தொலைச்சீங்கன்னு கேட்டா, இன்னும் தொலைக்கலைங்கறார்."

அனுப்பிவிட்டுப் போனைத் தலையணைக்கு அடியில் ஒளித்துவிட்டேன். எடுத்துப் பார்த்தால் எல்லாரும் அடுத்து என்ன, அடுத்து என்ன என்று கேட்டு வைத்திருந்தார்கள். மறுநாளும் ஒரு துண்டு சொன்னேன். அப்புறம் பயம் பிடித்துக்கொண்டது. யாராவது தேடிப் பார்த்தால் என்ன ஆவது? இருக்கிற தோழிகளும் போய்விடுவார்களே. அப்படி ஒரு தொடரே இல்லை, நானாகச் சொன்னேன் என்று சொல்லிவிட்டேன்.

இரட்டைப் பிள்ளைக்காரிதான் பதில் போட்டாள். "தெரியும், அன்னைக்கே தேடிப் பாத்துட்டோம். அது கிடக்கட்டும், குடை என்ன ஆச்சு?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. பாப்பா தன் பிஸ்கட்டாலேயே என் கண்ணைத் துடைத்துவிட்டாள். இப்படிப்பட்டவர்களை எங்கே போய்த் தேடுவது. அதற்கப்புறம் தினமும் காலையில் பாப்பாவைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே அடுக்களையில் நின்று ஒரு பகுதி சொல்வேன். தன் தங்கைக்கு அனுப்பலாமா என்று ஆம்புலன்ஸ் அக்கா கேட்டார். வழக்கமான படத்தை அனுப்பினேன். அந்தத் தங்கை அதை யாருக்கு அனுப்பினாளோ, அது எனக்குத் தெரியாது.

ஒரு நாள் சாயங்காலம் என் வீட்டுக்காரர் முகமெல்லாம் வெளிச்சமாக வந்தார். ஒரு அருமையான தொடர் பார்க்கிறாராம். பஸ் ஸ்டாண்டாம், தொலைந்த சாமான் அறையாம், ஒரு ஆள் குடை கேட்டு வருகிறானாம். கடையில் சொன்னாராம், எல்லாரும் சாப்பிடுவதை நிறுத்திவிட்டுக் கேட்டார்களாம்.

கையில் இருந்த கரண்டியோடு நின்றுவிட்டேன். அப்புறம்தான் புரிந்தது. அடுக்களைக்குப் பக்கத்தில்தான் குளியலறை. நான் பேசுகிற நேரத்தில்தான் அவர் முகம் கழுவப் போவார். கொஞ்ச நாளாகவே உள்ளே போனவர் வர நேரமாகிறது, தண்ணீர்ச் சத்தம் மட்டும் கேட்பதில்லை. குழாயைத் திறக்காமலே முகம் கழுவுகிற பொறுமை யாருக்கு வரும்?

உண்மையைச் சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். அவர் முந்திக்கொண்டார்.

"மூணாவது எபிசோடு கொஞ்சம் இழுவை. ஆனா கேமரா பிரமாதம்."

பாப்பா அழுததால் மூன்றாவது பகுதியை நான் இழுத்தது உண்மை. கேமராவுக்கு நான் என்ன சொல்ல? கரண்டியோடு அடுப்புப் பக்கம் திரும்பிவிட்டேன். அதோடு, அவர் சொன்ன மாதிரி எனக்குச் சொல்ல வராது. குடைக்காரர் ஒரு காலை இழுத்து நடந்தார், கேட்பதற்கு முன்னால் தொண்டையைச் செருமினார். அதெல்லாம் அவர் சேர்த்தது. மறுநாள் அப்படியே என் தோழிகளுக்குச் சொன்னேன். செருமல் பிரமாதம் என்று பாராட்டினார்கள்.

கடையில் அவர் மதிப்பு ஏறிக்கொண்டே போனது. முதலாளியே நாற்காலியை இவர் பக்கம் இழுத்துப் போட்டுக்கொள்கிறாராம், கேட்டதை வீட்டில் போய் மனைவிக்குச் சொல்கிறாராம். கடைசியில் முதலாளி ஒரு ஏற்பாடு செய்தார். வருகிற விடுமுறையன்று எல்லாரும் குடும்பத்தோடு அவர் வீட்டுக்கு வர வேண்டும். பெரிய டிவி வாங்கியிருக்கிறார். அந்தத் தொடரை முதலிலிருந்து போட்டுப் பார்க்க வேண்டும். முன்கவுண்டர் யாருக்கு என்று அன்றைக்கே சொல்லிவிடுவார்.

இதைச் சொன்ன ராத்திரி என் வீட்டுக்காரர் பாதிச் சாப்பாட்டில் நிறுத்தினார்.

"அந்த சீரியல் எந்த ஆப்ல வருது, உனக்குத் தெரியுமா?"

"நீங்கதானே பாக்குறீங்க?"

"பாக்குறேன். பேரு மறந்துபோச்சு."

"எனக்குத் தெரியாதுங்க. நான் பாத்ததே இல்ல."

"பாக்காமலா தினம் உன் சிநேகிதிங்களுக்குச் சொல்ற?"

"நான் சொல்றது உங்களுக்கு எப்படித் தெரியும்?"

அவர் தண்ணீர் குடித்தார். டம்ளர் காலியான பிறகும் குடித்தார்.

"அது சீரியலே இல்லைங்க. நானா சொன்னது."

டம்ளரைக் கீழே வைத்தார்.

"அப்ப நான் பாத்தது?"

முதலாளியிடம் உள்ளதைச் சொல்லிவிடலாம் என்றேன். கவுண்டர் போய்விடும் என்றார். ஆனால் கை கழுவிவிட்டு வருவதற்குள் தெளிந்துவிட்டார். தொடரை ஆப்பிலிருந்து எடுத்துவிட்டார்கள் என்று சொல்லிவிடுவாராம், முடிவை மட்டும் வாயால் சொல்வாராம். அந்த ஆள் மாறுவேஷத்தில் வந்த போலீஸாம். நான் வேறு முடிவு வைத்திருப்பதாகச் சொன்னேன்.

"உனக்கு சீரியலப் பத்தி என்ன தெரியும்?" என்றார்.

விடுமுறையன்று காலையில், கிளம்புகிற அவசரத்திலேயே கடைசிப் பகுதியைத் தோழிகளுக்கு அனுப்பினேன்.

முதலாளி வீட்டு டிவி ஒரு சுவரையே மறைத்தது. கடை ஆட்கள் பிள்ளைகுட்டியோடு உட்கார்ந்திருந்தார்கள். என் வீட்டுக்காரர் அந்தக் கறுப்புத் திரைக்கு முன்னால் போய் நின்று, தொடரை எடுத்துவிட்ட செய்தியை ஒரு சாவுச் செய்திபோலச் சொன்னார். பிறகு முதலிலிருந்து கதையைச் சொன்னார். காலை இழுத்தார், செருமினார். என் கதை என்பதே எனக்கு மறந்துபோனது. முதலாளி தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார். கவுண்டர் கைக்கு எட்டிவிட்டது என்றே நினைத்தேன்.

கதையில் போலீஸ் வந்தது. முதலாளியம்மா நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"போலீஸா? எனக்கு வேற மாதிரில்ல வந்திருக்கு."

அவருடைய அண்ணி தினமும் அனுப்புகிறாராம். யாரோ ஒரு பெண்ணின் குரலாம். காலையிலேயே வந்துவிடுமாம். சாயங்காலம் முதலாளி வந்து அதையே புதுசுபோலச் சொல்லும்போது, பாவம் என்று கேட்டுக்கொள்வாராம்.

என் வீட்டுக்காரர் அசரவே இல்லை. அந்தப் பெண்ணும் தன்னைப் போலவே அந்தத் தொடரைப் பார்த்திருக்கும் என்றார். என்ன மூளை. முதலாளி என் பக்கம் திரும்பி, நான் பார்த்தேனா என்று கேட்டார். எனக்கு முன்னால் என் வீட்டுக்காரரே பதில் சொன்னார்.

"அவளுக்கு இதெல்லாம் ஒண்ணும் தெரியாது சார்."

முதலாளியம்மா போனை மேஜைமேல் வைத்துச் சத்தத்தைக் கூட்டினார். என் குரல் வந்தது. மழை நாளில் கறுப்புக் குடை வந்து சேர்ந்துவிட்டது. அந்தப் பெண் அதைத் துடைத்து மேஜைமேல் வைத்துக் காத்திருக்கிறாள். அவர் வரவில்லை. மறுநாளும் வரவில்லை. அவள் அறையைப் பூட்டிவிட்டு, அந்தக் குடையைக் கையில் எடுத்துக்கொண்டு வாசலில் வந்து நிற்கிறாள். கடையில் பில் போடுகிற பெண் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்தாள். என் வீட்டுக்காரருக்கும் இந்தப் பகுதி புதிது. அவர் கண்ணும் கலங்கியது.

அப்போது அந்தப் போனுக்குள்ளிருந்து, எல்லாருக்கும் நன்றாகத் தெரிந்த ஒரு ஆண் குரல் வந்தது.

"ஏய், என் பனியன எங்க வெச்ச?"

முதலாளி போனைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். கடைசியாக என் வீட்டுக்காரரைப் பார்த்தார்.

"பனியன் கிடைச்சுதாப்பா?" என்றார். "பின்னாடி ரூமுக்கு அதுவே போதும்."