ராமிரோவின் ஒன்பது பூஜ்யமும் என் இடது காலும்

நியூயார்க்கில் கம்பளிக்குள் முடங்கிக் கிடக்கும் மச்சான் பாசிலியோவுக்கு, சான் பெத்ரோவிலிருந்து உன் அக்காள் புருஷன் எலிசியோ எழுதுவது. மாதா புண்ணியத்தில் நாங்கள் சுகம். நீயும் பிள்ளைகளும் அப்படியே இருக்க வேண்டும்.

யார் கையெழுத்து என்று முழிக்காதே, என்னுடையதுதான். மழைக்காலத்தில் கோயில் கூடத்தில் கற்றுக்கொண்டேன். எல்லாவற்றிலும் எனக்குச் சுலபமாக வந்தது பூஜ்யம். அதையே முதலில் எழுதுகிறேன்: 0 0 0 0 0 0 0 0 0. தலைநகர் பேஸ்பால் அணிக்கு ஒன்பது சுற்றிலும் நம் ராமிரோ கொடுத்தது இவ்வளவுதான். கடைசிவரை அவனே எறிந்தான், ஒரு ரன் விடவில்லை. "உன் மகன் கை இனி தேங்காய் எறியத்தான் லாயக்கு" என்று போனில் சிரித்தாயே, அதே கைதான்.

"இந்த ஆட்டத்துல அடி வாங்கினா சட்டையக் கழட்டி வச்சிட்டு வீட்டுக்குப் போ" என்று அணித் தலைவர் அவனிடம் சொல்லியிருந்தார். சனிக்கிழமை ராத்திரி ஆட்டம். எங்கள் பக்கம் கரண்ட் போய்விட்டது. தலைநகரிலும் போயிருக்கும், ஆட்டம் தள்ளிப்போயிருக்கும் என்று படுத்துவிட்டோம். ஞாயிறு மதியம் ரேடியோவைத் திருப்பினால் ராமிரோ எறிகிறான்! முதல் சுற்றிலேயே அவர்கள் ஆள் மூன்றாவது தளம் வரை வந்துவிட்டான், இன்னும் ஒரு தளம் ஓடினால் ரன், அந்த நேரம் என் இடது கால் வாழைக்காய் மூட்டைமேல் இருந்தது, உன் அக்காள் நிக்கோலாசா கரண்டியோடு வாசல்படியில் நின்றாள், அடுத்தவன் காற்றை அடித்துவிட்டு அவுட். நம் வழக்கம் உனக்குத் தெரியாததா? அதிர்ஷ்டம் வந்தபோது யார் எப்படி இருந்தார்களோ அப்படியே இருக்க வேண்டும், பூஜ்யம் என்று யாரும் வாய் திறக்கக் கூடாது. உப்பு வாங்க வந்த பக்கத்து வீட்டு பிலோமேனா நல்ல சமயத்தில் ஜாடிக்குள் கையை விட்டாள், அவளையும் அப்படியே நிறுத்திவிட்டேன். அடுப்பில் அவரைக்கொட்டை அடிப்பிடித்து வீடெல்லாம் புகை.

"யோவ் கிழவா, எறியறது உன் மவன். நீ எதுக்குய்யா விறைச்சுக்கிட்டு நிக்கிற?" என்றாள் நிக்கோலாசா.

"அசையாதடி!"

"பன்னி உன் கோயில் சட்டையத் தின்னுது!"

"தின்னட்டும். எட்டாவது சுத்து போவுது."

"அண்ணே, எனக்குக் கை மரத்துப்போச்சு" என்று பிலோமேனா அழுதாள்.

"ஜாடியிலேயே இருக்கட்டும் தாயி."

நம்மவர்கள் எடுத்திருந்தது ஒரே ரன். ஒன்பதாவது சுற்றில் அவர்கள் ஆள் மறுபடி மூன்றாவது தளத்தில். செவ்வெறும்பு என் முழங்காலைத் தாண்டி ஏறியது. பல்லைக் கடித்துக்கொண்டேன். கடைசி ஆள் மூன்று பந்தையும் கோட்டைவிட்டான்! ஆகவே மச்சான், பாதி வெற்றி அவன் கைக்கு, பாதி என் காலுக்கு. இப்போது அவனுக்கு சீசன் முடியும்வரை இடம் உறுதி.

உன் தலைமேல் கை வைத்து ஆசீர்வதிக்கிறேன். பிள்ளைகளுக்கு முத்தம். தேங்காய்ப் பேச்சை வாபஸ் வாங்கு.

இப்படிக்கு,
எலிசியோ

பின்குறிப்பு: ஒன்று விட்டுப்போயிற்று. ரேடியோவில் கைதட்டல் அடங்குவதற்குள் ராமிரோ பையோடு வாசலில் வந்து நின்றான். "என்னப்பா எல்லாம் செலையாட்டம் நிக்கிறீங்க? அது நேத்து ராத்திரி ஆட்டம். மறுபடி போடறாங்க" என்றான். கடிதத்தைக் கிழிக்கச் சொல்கிறாள் உன் அக்காள். இதை எழுத எனக்கு ஒரு வாரம் ஆயிற்று, கிழிக்க மாட்டேன். முடிந்துபோன ஆட்டத்திலேயே என் கால் ஒரு ரன் விடவில்லை. வரும் சனிக்கிழமை நிஜ ஆட்டம். பிலோமேனாவிடம் சொல்லிவிட்டேன்.